மூன்று மாதச் சராசரி

ஜூன் 3, திங்கள்

டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொன்னார். பையன் தினமும் என்ன தின்கிறான் என்பதை அதில் எழுத வேண்டுமாம். பையனுக்கு நேரமில்லை. எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகையால் நான் எழுதுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் முறையில் தாண்டியவன், திருச்சியில் தனியார் டவுன் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக நின்றவன். வீட்டில் அசையாமல் உட்கார்ந்து எழுதினாலும் என் எழுத்து மேடுபள்ளத்தில் போகிற மாதிரிதான் விழும். டாக்டரம்மா பொறுத்துக்கொள்வார்.

பையன் பெயர் திவாகர், வயது இருபத்தொன்பது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஆபீஸில் வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலை. காலை எட்டுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஏழுக்குத்தான் எழுந்திருப்பான். நடுவில் பதினொன்றுக்கு பப்ஸ், நாலுக்கு சமோசா, ஆறுக்கு கிரீம் பிஸ்கட். இதெல்லாம் மெஷினைத் தட்டியபடியே. ஆபீஸில் நடந்த முகாமில் ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 182. மூன்று மாதச் சராசரி 8.9.

அந்தச் சராசரி பொல்லாதது. முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாதாம். மூன்று மாதமாக என்ன தின்றோம் என்பதை ரத்தம் மறக்காதாம்.

ஒரு மாத்திரை, அரைமணி நடை, நொறுக்குத்தீனிக்குப் பதில் காய்கறி. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். "பசிக்கிற நேரத்துல கைக்கு எது எட்டுதோ அதைத்தான் திம்பாங்க. எட்டுற இடத்துல காயை வைங்க" என்றார் டாக்டரம்மா. இவ்வளவு எளிதாகச் சொல்கிறவர் பெரிய டாக்டராகத்தான் இருக்க வேண்டும்.

பதினாறாம் தேதி பாபநாசத்துக்குப் பெண் பார்க்கப் போகிறோம். செண்பகம், என் சம்சாரம், பஸ்ஸில் திரும்பும்போதே ஆரம்பித்தாள்.

"அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"எதை?"

"எதையா? நல்லா இருக்கே."

ஜூன் 4, செவ்வாய்

முதல் டப்பா. வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு அவன் திறந்தபோது வெள்ளரிக்காய் நீச்சல் அடித்துக்கொண்டிருந்ததாம். கீபோர்டில் ஊற்றிவிட்டது.

"எப்படிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா."

ஜூன் 6, வியாழன்

பாடம் கற்றேன். உப்பை முன்கூட்டிப் போடக்கூடாது, தனிப் பொட்டலமாகக் கட்டித் தர வேண்டும். வெங்காயம் கூடாது, பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். வட்டமாக நறுக்குவதைவிட விரல் நீளத்துக்கு நறுக்குவது நல்லது. ஒரு கை மவுஸில் இருக்கும்போது இன்னொரு கை பார்க்காமலே எடுத்து வாயில் போட வேண்டும், விரலில் ஒட்டவும் கூடாது. எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்துக்கொண்டே படியில் தொங்குகிறவனை உள்ளே ஏற்றியவனுக்கு ஒற்றைக் கை வேலையின் கஷ்டம் தெரியும்.

இன்று கேரட், நூக்கல், குடைமிளகாய். தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிரில் வறுத்த சீரகமும் புதினாவும் அரைத்துக் கலந்தது. டப்பா காலியாக வந்தது.

ஜூன் 9, ஞாயிறு

மாத்திரை அட்டையைப் பிரித்து மாத்திரைகளை ஒரு பழைய சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். கல்யாணம் பேசுகிற வீடு. நாலு பேர் வருவார்கள், அலமாரியைப் பார்ப்பார்கள். செண்பகம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் சமைக்கிறவள், முந்நூறு பிள்ளைகளை முறைத்தே உட்கார வைப்பவள். அந்த முறைப்பில் ஒரு கரண்டி எனக்கும் கிடைத்தது.

ஜூன் 17, திங்கள்

நேற்று பாபநாசம். பெண் பெயர் யமுனா. கூட்டுறவு வங்கியில் கிளார்க். அதிகம் பேசவில்லை, ஆனால் பேசும்போது நேராகப் பார்த்துப் பேசுகிறாள். அப்பா இராமாமிர்தம், சொசைட்டி செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா விசாலாட்சி, கால் கட்டை விரலில் கட்டுப் போட்டிருந்தார்.

"எனக்கு இருபது வருசமா சக்கரைங்க. கேசரி கிண்டுறதோட சரி, வாயில போட மாட்டேன்" என்று அந்தம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார். காபியில் சர்க்கரை இல்லை என்பதைச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. செண்பகம் என் முழங்கையில் இடித்தாள்.

இராமாமிர்தம் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே? பொதுவாக் கேக்குறேன்."

"கல்லைத் தின்னாலும் கரைச்சுடுவான்" என்றேன்.

இரண்டாவது இடி விலாவில் விழுந்தது. என்ன செய்ய, வாயிலிருந்து இறங்கிவிட்டது. இறங்கினவனை ஓடிப்போய் ஏற்ற முடியுமா. பஸ் போய்விட்டது.

பையனும் பெண்ணும் கொல்லைப் பக்கம் ஒரு கால்மணி பேசினார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகமும் தெளிவாக இருந்தது. இரண்டு பக்கமும் சம்மதம். நிச்சயம் ஆவணியில், கல்யாணம் ஐப்பசியில்.

ஜூன் 25, செவ்வாய்

கோவைக்காயை நீளவாக்கில் நாலாகக் கீறி, தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் சுருளச் சுருள வறுத்து, வறுத்த எள்ளுப்பொடி தூவினேன். சிப்ஸ் தோற்றது. ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் "உங்கப்பா கேட்டரிங் படிச்சாரா" என்று கேட்டார்களாம். நாளையிலிருந்து அவர்களுக்கும் ஒரு சின்ன டப்பா போகும். சுருக்கமாகச் சொன்னால் ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு தொழில் கைகூடிவிட்டது.

உழவர் சந்தையில் கீரைக்காரம்மா கேட்டது: "தினமும் வந்து நூக்கலா வாங்குறீங்களே, வீட்டுல மாடு கீடு இருக்கா?"

"ஒரு கன்னுக்குட்டி இருக்கு. ரொம்பச் சாது" என்றேன்.

பொய் இல்லை. எது வைத்தாலும் தின்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன் என்றான், கம்ப்யூட்டர் எடு என்றேன், எடுத்தான். சென்னையில் வேலை கிடைத்தது, இங்கேயே இரு என்றேன், இருந்தான். சிவப்பு வண்டி கேட்டான். கறுப்பு வண்டியை வாங்கி நிறுத்தினேன். "நல்லா இருக்குப்பா" என்றான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையை யார் பெற்றிருக்கிறார்கள்.

ஜூலை 8, திங்கள்

பாகற்காயில் உப்பை நான் ஒரு தடவையும், இன்னும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு நானே இன்னொரு தடவையும் போட்டுவிட்டேன். மத்தியானம் மிச்சத்தை வாயில் வைத்தவன் சிங்க்கில் துப்பிவிட்டு மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தேன். சாயங்காலம் டப்பா வழக்கம்போலக் காலி.

"டேய், அதை எப்படிடா தின்ன?"

"பரவால்லப்பா."

"துப்ப வேண்டியதுதானே?"

"நீங்க அஞ்சு மணிக்கு எந்திரிச்சுச் செஞ்சது."

செண்பகத்திடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இதுல பெருமைப்பட என்ன இருக்கு?" என்றாள். அவளுக்குப் பொறாமை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. ஒரு மாதம் யாரும் நல்ல காரியம் பேச மாட்டார்கள், சம்பந்தி வீட்டுப் போக்குவரத்து இருக்காது. சர்க்கரையை இறக்க இதைவிட நல்ல மாதம் கிடையாது. முன்னோர்கள் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள்.

வெறும் வயிற்றில் 138.

செண்பகம்: "ஆடியிலயாவது ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. அந்தம்மாவுக்கே இருக்கு. புரிஞ்சுக்குவாங்க."

நான்: "ஆடியில யாராவது நல்ல சேதி பேசுவாங்களா?"

"இது நல்ல சேதியா?"

சந்தைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

வெறும் வயிற்றில் 121. மூன்று கிலோ குறைந்திருக்கிறான். பேண்ட்டுக்குப் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

இப்போதெல்லாம் பையனே யோசனை சொல்கிறான். காய் மட்டும் இருந்தால் ஒரு மணிக்கே மறுபடி பசிக்கிறதாம். ஒரு கை கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்க்க வேண்டுமாம். கேரட்டை அரைவேக்காடாக வேகவைக்காமல் பச்சையாகவே வைக்க வேண்டுமாம். எலுமிச்சையைச் சாப்பிடும்போதுதான் பிழிய வேண்டுமாம்.

"யார்றா சொன்னது இதெல்லாம்?"

"ஒருத்தங்க சொன்னாங்க."

"டாக்டரம்மாவா?"

"இல்ல, ஒருத்தங்க."

மொட்டை மாடியில் போனில் தினமும் அரைமணி பேசுகிறான். நடக்கச் சொன்னார்களே, பேசிக்கொண்டே நடக்கிறான். ஒருநாள் துணி எடுக்கப் போனபோது "இன்னிக்கு நூக்கலும் சுண்டலும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கல்யாணம் ஆகப்போகிறவர்கள் பேச எவ்வளவோ இருக்க, இதுகள் நூக்கலைப் பற்றிப் பேசுகின்றன. சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

108. கீரைக்காரம்மாவுக்கு இனிப்பு கொடுக்கலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, யோசித்ததோடு சரி.

ஆகஸ்ட் 22, வியாழன்

வெறும் வயிற்றில் 104. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். செண்பகம் இன்று கெஞ்சவே செய்தாள். "தட்டு மாத்துறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. மாத்துன பிறகு சொன்னா ஏமாத்துன மாதிரி."

"மூணாம் தேதி ரிசல்ட் வரட்டும். குறைஞ்சுடுச்சுன்னா சொல்றதுக்கு என்ன இருக்கு? இல்லாததைப் போய்ச் சொல்வாங்களா?"

"திவாகர்கிட்ட கேட்டீங்களா? அவன் என்ன சொல்றான்?"

"அவன் என்ன சொல்லப்போறான்."

ஆகஸ்ட் 26, திங்கள்

நேற்று நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. வீடு நிறைய ஜனம். எழுத ஆசையாக இருக்கிறது, விவரமாகவே எழுதுகிறேன்.

தட்டு மாற்றியதும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வாயில் இனிப்பு வைப்பது எங்கள் பக்க வழக்கம். இரண்டு சம்பந்திகளும் சபை பார்க்க வைக்க வேண்டும். தாம்பாளத்தில் லட்டு கோபுரமாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றும் கிரிக்கெட் பந்து.

இராமாமிர்தம் லட்டை எடுக்கவில்லை. ஒரு வெற்றிலையில் கடுகத்தனை கல்கண்டு வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். குரலை இறக்கித்தான் சொன்னார், ஆனால் முன் வரிசைக்குக் கேட்டிருக்கும்.

"சம்பந்தி, சாஸ்திரத்துக்கு இது போதும்னா இதோட நிறுத்திக்கலாம். எங்க வீட்டுல சக்கரைங்கிறது ரகசியம் கிடையாது. ஒத்துக்காதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

எவனோ வத்தி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பத்தாயிரம் தடவை செக்கிங் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறியிருப்பார். ஒரு தடவைகூட முகத்தைக் காட்டிக்கொடுத்தவன் இல்லை நான். கடகடவென்று சிரித்தேன்.

"என் பையனுக்கா? நல்லா கேட்டீங்க போங்க. எறும்புகூட இவன்கிட்ட இனிப்புத் தின்னக் கத்துக்கணும்."

சபை சிரித்தது. நான் ஒரு லட்டை எடுத்தேன். திவாகர் என்னைப் பார்த்தான். பிறகு யமுனாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். வைத்தேன். முழு லட்டு, பிடித்துத் திணிக்க வேண்டியிருந்தது. சந்தேகம் இன்னும் மிச்சம் இருக்குமோ என்று இரண்டாவது வைத்தேன். மூன்றாவதைச் சிரிப்போடு சிரிப்பாக வைத்தேன். பிள்ளை கண்ணில் நீர் முட்டியது, புரையேறியிருக்கும். மூன்றையும் தின்றான்.

எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து வண்டியை ஓரம் கட்டினேன் என்பது யாருக்கும் தெரியாது.

பெண் முகம்தான் கொஞ்சம் வாட்டமாக இருந்தது. புடவை கனம், கூட்டம், புழுக்கம். அவளுக்கு வைத்த லட்டைக் கையில் வாங்கி இலையில் வைத்துவிட்டாள்.

செண்பகம் வரும்போது வேனில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வெறும் வயிற்றில் 163. பையன் மொட்டை மாடிக்குப் போகவில்லை. டப்பா காலி.

ஆகஸ்ட் 29, வியாழன்

டப்பா காலி. இரண்டு நாளாக எனக்கு ஒற்றை வார்த்தையில் பதில். ஆபீஸில் வேலை ஜாஸ்தி போலிருக்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

எழுதத்தான் வேண்டுமா என்று கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்திருந்தேன்.

பத்து மணிக்கு இராமாமிர்தமும் யமுனாவும் வந்தார்கள். நாங்கள் நிச்சயத்துக்கு எடுத்த பட்டுப்புடவை பையில் இருந்தது. திவாகர் வீட்டில்தான் இருந்தான். அறையை விட்டு வந்து சுவரோரம் நின்றான். உட்காரவில்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நான் முந்திக்கொண்டேன். "சம்பந்தி, சக்கரை விஷயமா யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க. கொஞ்சூண்டுதான் இருந்துச்சு. இப்ப இறங்கிடுச்சு. மூணாம் தேதி ரிசல்ட் வருது, நானே கொண்டாந்து காட்டுறேன்."

இராமாமிர்தம் மகளைப் பார்த்தார்.

"மாமா, எனக்கு யாரும் சொல்லல" என்றாள் யமுனா. "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவரே சொல்லிட்டாரு. கொல்லையில நின்னு முதல் வார்த்தையா அதைத்தான் சொன்னாரு. அதனாலதான் எனக்குப் பிடிச்சுது."

நான் பையனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"ஆடியில எங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். சரின்னுட்டாரு. உங்க வாயால வரட்டும்னு இருந்தாரு."

"நான் அன்னிக்குக் கல்கண்டை நீட்டுனது கதவைத் தொறந்து விடத்தாங்க" என்றார் இராமாமிர்தம். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

"அப்ப சக்கரைக்காக இல்லையாம்மா?"

"சக்கரைக்காகன்னா ஜூன் மாசமே வேணாம்னு சொல்லியிருப்பேன் மாமா. எங்க அம்மாவுக்கு தினமும் ஊசி போடுறவ நான்." அவள் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள். "அன்னிக்குக் காலையில இவருக்குப் போன் பண்ணினேன். லட்டு வைப்பாங்க, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்குறேன்னேன். சரின்னாரு. நீங்க லட்டை எடுத்தப்ப வாயைத் திறந்தாரு. சொல்லப்போறாருன்னு நினைச்சேன்."

சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது.

"முதல் லட்டு உங்க தப்பு மாமா. சொல்ல விடாம திணிச்சிட்டீங்க. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் வாயைத் திறந்தாரே, அது யார் தப்பு?"

"அவன் மரியாதைக்காக..."

"தெரியும். நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கு நடுவுல நீங்க எதைக் கொண்டாந்து வச்சாலும் முழுங்கிடுவாரு. நீங்க திணிக்கத் திணிக்க அவர் முழுங்குறதைப் பாத்துக்கிட்டே என்னால நிக்க முடியாது. எனக்கு அந்தப் பயம்தான்."

செண்பகம் அடுக்களை வாசலில் நின்றாள். ‘பாரு, இந்தக் காலத்துப் பெண் பேசுகிற பேச்சை’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புடவைப் பையை வாங்கிக்கொண்டு, "காபி சாப்பிட்டுட்டுப் போங்கம்மா, சக்கரை போடாம தரேன்" என்றாள். குடித்துவிட்டுத்தான் போனார்கள். பெண் போகும்போது திவாகரிடம், "நடையை விட்டுறாதீங்க" என்றாள். அவன் தலையாட்டினான். அதற்கும் தலையாட்டத்தான் செய்தான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நறுக்கினேன். தின்றான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சராசரி 6.3.

டாக்டரம்மா சீட்டை இரண்டு தடவை பார்த்தார். "என்ன செஞ்சீங்க? மத்தவங்களுக்கும் சொல்லலாமே" என்றார். நான் கோவைக்காய், சுண்டல், தனி உப்புப் பொட்டலம் எல்லாம் சொன்னேன். ஒரு நர்ஸ் குறித்துக்கொண்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல யோசனை என்றது. "உங்க பையன் குடுத்து வச்சவரு சார்."

திவாகர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். பையை ஒரு தடவை தட்டிவிட்டான். அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் மூன்று லட்டு சராசரியில் தெரியவே இல்லை. அந்த மெஷினுக்கு ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆறு நாளாக யோசித்ததில் ஒன்று புரிந்தது. மறைத்ததுதான் என் தப்பு. இனி மறைப்பதில்லை. செண்பகத்திடம் சொன்னேன். "இப்பவாவது" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தவள், சாதம் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

புரட்டாசி பிறக்க இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் பேசி வைத்துவிடலாம் என்று தரகர் கோதண்டத்தை வரவழைத்தேன். புதுக்கோட்டையில் ஒரு இடம். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன்: "பையனுக்குச் சக்கரை இருக்கு. இப்ப 6.3. முதல்லயே சொல்லிடுங்க, சீட்டையும் காட்டுங்க." சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. கோதண்டம் போன் போட்டார். அவர்களுக்குச் சம்மதம், நாளைக்கே வரச் சொன்னார்கள். நானும் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

திவாகர் நடந்துவிட்டு வந்தான். வேர்வையோடு நின்றவனிடம் விஷயத்தைச் சொன்னேன். லீவு சொல்லிவிடு, நீலச் சட்டையைப் போட்டுக்கொள் என்றேன்.

"வேண்டாம்பா" என்றான்.

"நீலம் வேண்டாம்னா வெள்ளை போட்டுக்க."

"சட்டை இல்லப்பா. போக வேண்டாம். என்னைக் கேட்காம வரோம்னு சொல்லியிருக்கீங்க. நான் வரல."

சத்தம் போடவில்லை. கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டான். கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அதே வார்த்தை. பிறகு குளிக்கப் போய்விட்டான்.

செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

எனக்கு முதலில் கோபம் வந்தது. கோதண்டத்தை அனுப்பிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் மண்டையில் ஏதோ வெளிச்சம் அடித்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் கேட்டது இந்த ஒரு வார்த்தையைத்தானே. இதோ சொல்லிவிட்டானே. ஒரு தடவைக்கு ஐந்து தடவை சொல்லிவிட்டானே. பையன் குளித்துவிட்டு வருவதற்குள் தெரு முனைக்குப் போய் இராமாமிர்தத்துக்குப் போன் போட்டேன். நல்லவேளை எடுத்தார்.

"சம்பந்தி... ஐயா, நான் திருச்சியிலேருந்து தாயுமானவன் பேசுறேங்க. ஒரு நல்ல சேதி. திவாகர் இன்னிக்கு என்கிட்டயே வேண்டாம்னு சொல்லிட்டான். மூஞ்சிக்கு நேரா. தரகர் சாட்சிங்க. பாப்பாகிட்ட சொல்லுங்க. அவன் மாறிட்டான்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சந்தோசங்க" என்றார் இராமாமிர்தம். "அதையும் நீங்கதான் சொல்றீங்க, பாத்தீங்களா."